கடைசி மணிக்கு முன் ஒரு நிறுத்தம்

ஹாலட்ஸ் கோவ், நியூஃபவுண்ட்லாந்து
9 மார்ச் 1992

அன்புள்ள ரூபன்,

1961-இல் நாலாம் வகுப்பில் மேவிஸ் என்றொரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மிஸ், ரூபன் மாமா கடைசி மணிக்கு முன்னாடி மட்டும் ஏன் நின்னு அடிக்கிறாரு?"

அன்று அக்டோபர் பதின்மூன்று. 1942-இல் டார்பிடோ பட்டு மூழ்கிய 'பெட்ரல்' கப்பலோடு போனவர்களுக்காக நீ இருபத்துநான்கு முறை மணி அடித்து முடித்திருந்தாய். "இருபத்துமூணு தடவ கயிறு இழுத்தா கை வலிக்காதா? அதான்" என்றேன். மேவிஸ் விடவில்லை. "கை வலிச்சா பதினஞ்சுலயே வலிக்கணுமே மிஸ்." நல்ல வாதம். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முப்பத்தோரு வருடம் கழித்து, போன வியாழக்கிழமை, அந்தக் கேள்வி திரும்பி வந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீ உறையைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவாய் என்று எஃப்ரயிம் சொல்கிறான். அவன்தான் இப்போது நினைவுக் குழுத் தலைவன். நான் ஒரு பாட்டில் பார்ட்ரிட்ஜ்பெரி ஜாம் பந்தயம் வைத்திருக்கிறேன். என்னைத் தோற்கவிடாதே.

வியாழக்கிழமை பனி கொட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் தேவாலயத்துக்கு வந்தாள். பெயர் வெர்னா ரோஸ். ஐம்பத்தொரு வயது, கார்னர் புரூக்கில் ஓர் ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை. தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே இறந்தவர்களின் பெயர்ப்பலகை முன்னால் போய் நின்றாள். விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தாள். பிறகு கீழிருந்து மேலே. அப்புறம் என்னைப் பார்த்து, "என் அம்மா பேரு எங்கங்க?" என்றாள்.

அவள் அம்மா பியூலா ரோஸ். பத்தொன்பது வயது. நம் ஊர் வியாபாரி வீட்டில் ஐந்து வாரம் வேலைக்காரியாக இருந்தவள். 1942 அக்டோபரில் வேலையை விட்டுக் கிளம்பினாள். மஸ்ஸல் ஹார்பரில் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அப்போது வெர்னா ஒன்றரை வயதுக் குழந்தை.

"இருபத்துநாலு பேர் செத்தாங்க. பலகையில இருபத்துநாலு பேரு இருக்கு. கணக்கு சரியா இருக்கே தாயி" என்றான் எஃப்ரயிம். அவன் கெட்டவன் இல்லை. கப்பல் கம்பெனி தந்தியில் சொன்னதும் இருபத்துநான்குதான். பெயர்ப் புத்தகம் அதை எழுதியவரோடு கடலுக்குள் போய்விட்டது. பிழைத்த ஏழு மாலுமிகளுக்குப் பயணிகளின் பெயர் தெரியாது. வீடு வீடாகப் போய்ப் பெயர் சேர்த்தவர் அப்போதைய பாதிரியார்தான்.

ஐம்பதாம் ஆண்டுக்காகப் பலகைக்குப் பதில் கருங்கல் வைக்கிறோம். ஆகஸ்ட் கடைசிக்குள் கல்தச்சரிடம் பட்டியலைக் கொடுக்க வேண்டும். கல்லில் ஒரு தடவை வெட்டினால் வெட்டியதுதான்.

ஆகவே, ஐந்தரை வருடம் முன்னால் கூட்டத்தில் கேட்டு உன்னைக் கோபப்படுத்திய அதே கேள்வியை இப்போது தனியாக, தாழ்மையாகக் கேட்கிறேன். பலகையில் இரண்டாவது பெயர் ஆம்ப்ரோஸ் ஏசா. பத்தாவது ஆம்ப்ரோஸ் கீப்பிங், உன் அப்பா. இந்தக் கரையில் எந்த ஊரிலும் ஏசா என்று ஒரு குடும்பம் இருந்ததில்லை. அவர் யார்?

ஹேசல்

•

கால்ட், ஒன்டாரியோ
2 ஏப்ரல் 1992

ஹேசல்,

கடிதம் வந்தது. பிரித்தேன். ஜாம் உனக்குத்தான்.

இங்கே மகள் லொரெய்ன் வீட்டில் சௌக்கியம். மருமகன் நல்லவன், பேச்சு அதிகம். முட்டி வலி இருக்கிறது. கடல் இல்லாத ஊரில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும் ஒன்றுதான்.

அன்றைக்குக் கூட்டத்தில் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. நாற்பது பேர் முன்னால், சாக்பீஸ் பிடிக்கிற மாதிரி விரலைத் தூக்கிக்கொண்டு, "ரூபனோட அப்பா ரெண்டு தடவ செத்திருக்கார் போல" என்றாய். சிரித்தார்கள். எஃப்ரயிம்கூட. "இஸ்கூல் முடிஞ்சும் திருத்துறத நிறுத்தலியா நீ" என்று நான் சொன்னது உண்மைதான். அதற்கு மேல் பேசியிருந்தால் நாற்காலி பறந்திருக்கும். அதனால் ஊரை விட்டு வந்தேன். சொல்லிக்கொள்ளாமல் வந்தது தப்புத்தான்.

அந்த அம்மாளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பலகையை இருக்கிறபடி விடு. கல்லிலும் அப்படியே வெட்டச் சொல்.

தினமும் காலையில் இங்கே பூங்கா வரை நடக்கிறேன். ஒரு நினைவுக் கல் இருக்கிறது. முதல் யுத்தம், இரண்டாம் யுத்தம் இரண்டுக்கும் பெயர்கள். அதில் J. மெக்பிரைட் என்று அடுத்தடுத்து இரண்டு பேர். இந்த ஊரில் உன்னை மாதிரி ஒரு டீச்சர் இல்லை போலிருக்கிறது. இருந்திருந்தால் ஒருத்தன் பெயரைக் கோடு போட்டு அடித்திருப்பாள்.

கடைசி மணிக்கு முன்னால் நான் நிற்பது கை வலியால்தான். மேவிஸிடம் சொல்.

ரூபன்

•

ஹாலட்ஸ் கோவ்
20 ஏப்ரல் 1992

அன்புள்ள ரூபன்,

மேவிஸுக்கு இப்போது நாற்பது வயது. ஹாலிஃபாக்ஸில் வக்கீலாக இருக்கிறாள். உன் பதிலைச் சொன்னால் என்னைக் குறுக்கு விசாரணை செய்துவிடுவாள்.

முதலில் என் தப்பு. நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். சிரிப்புக்காகச் சொல்லவில்லை, ஆனால் சிரிப்பு வரும் என்று தெரிந்தே சொன்னேன். முப்பத்தாறு வருடம் வகுப்பில் நின்றால் இந்த வியாதி வருகிறது: சரியான விடை கையில் இருந்தால், யாருடைய விடை என்று பார்க்கத் தோன்றாது. இறந்தவர் உன் அப்பா. என்னை மன்னித்துவிடு.

கணக்குப் பாடத்தில் பிள்ளைகளுக்கு ஓர் உதாரணம் சொல்வேன். கூடையில் பத்து மீன் இருக்க வேண்டும். எண்ணினால் பத்து இருக்கிறது. சரி என்று மூடிவிடுவோம். ஆனால் ஒரு மீனை இரண்டு தடவை எண்ணியிருந்தால்? ஒன்று கைதவறிக் கடலுக்குள் போயிருக்கும், நமக்குத் தெரியாது. எண்ணிக்கை தப்பாக வந்தால் தேடுவோம். சரியாக வந்துவிட்டால் யாரும் தேடமாட்டார்கள்.

வெர்னாவின் கதை இதுதான். அவளை வளர்த்தவள் பெரியம்மா. சின்ன வயதிலிருந்து ஒரே பேச்சு: "உங்கம்மா உன்ன வேணாம்னு விட்டுட்டு பாஸ்டனுக்கு ஓடிட்டா." பெரியம்மா பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினாள். கப்பல் மூழ்கிய செய்தி வந்ததும் தங்கை அதில் இருந்தாளா என்று பாதிரியாருக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். இருபத்துநான்கு பேரின் பெயரும் தெரிந்துவிட்டது, பியூலா அதில் இல்லை என்று பதில் வந்தது. கப்பலில் இல்லையென்றால் ஓடிப்போனவள்தானே.

பெரியம்மா இந்த ஜனவரியில் இறந்தாள். தையல் டப்பாவுக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. மேற்கே போன ஏதோ பாய்மரக் கப்பலில் பியூலா கொடுத்தனுப்பியது. 1942 அக்டோபர் 11, ஞாயிறு. "அக்கா, செவ்வாய்க்கிழமை பெட்ரல்ல வரேன். வெர்னாவுக்குக் கடவாப்பல்லு வந்துடுச்சா?" இன்னொரு வரியும் இருக்கிறது, அது இப்போது வேண்டாம்.

"கப்பல்ல ஏறினாளா, இல்ல கடைசி நேரத்துல மனசு மாறிட்டாளா? எனக்கு அது ஒண்ணுதாங்க தெரியணும்" என்றாள் வெர்னா. அழவில்லை. நான் கொடுத்த டீயை ஆறவிட்டாள், அவ்வளவுதான்.

நம் பலகை சரி என்றால், அவள் அம்மா அவளை விட்டுவிட்டுப் போனவள். பலகை தப்பு என்றால், அவளிடம் வந்துகொண்டிருந்தவள். இது உன் கையில் இருக்கிறது ரூபன். உன் அப்பா பிறந்த ஆஃபர் தீவில் இருந்த எட்டு வீடும் காலியாகி இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. கேட்பதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை.

அந்த J. மெக்பிரைட் விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒருத்தனா, இரண்டு பேரா? விசாரித்து எழுது.

ஹேசல்

•

கால்ட்
17 மே 1992

ஹேசல்,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. கிழிக்கமாட்டேன். லொரெய்ன் வீட்டில் காகிதம் தீர்ந்துவிட்டது.

நீ வேறு விரிகுடாவிலிருந்து வந்தவள். நாற்பத்திரண்டு வருடம் ஆகியும் ஊர்க்காரி ஆகவில்லை, ஆகவும் மாட்டாய். அதனால் இது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆஃபர் தீவில் எட்டு வீடு. எட்டும் கீப்பிங். எல்லாரும் கீப்பிங் என்றால் கீப்பிங் என்று கூப்பிட்டு என்ன பிரயோசனம்? அப்பா பெயரைப் பின்னால் சேர்த்துச் சொல்வோம். என் தாத்தா பெயர் ஏசா. அப்பா ஆம்ப்ரோஸ் ஏசா. நான் ரூபன் ஆம்ப்ரோஸ். தீவில் இருந்த வரைக்கும் கீப்பிங் என்ற பெயரை நான் என் வாயால் சொன்னதே இல்லை. அது ஞானஸ்நானப் புத்தகத்தில் இருக்கிற சமாச்சாரம்.

கப்பல் போய் ஐந்தாம் நாள் பாதிரியார் படகில் வந்தார். இங்கிலாந்துக்காரர், புதுசு. நான் துறையில் வலை அலசிக்கொண்டிருந்தேன். எனக்குப் பதினாறு. "உன் அப்பா பெயர் என்ன தம்பி?" என்றார். ஆம்ப்ரோஸ் ஏசா என்றேன். எழுதிக்கொண்டார். அலை அதிகமாக இருந்தது, மேலே ஏறி வீட்டுக்கு வராமல் திரும்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்து அம்மா தேவாலயத்துக்குப் போய் ஞானஸ்நானப் புத்தகத்தில் இருந்தபடி ஆம்ப்ரோஸ் கீப்பிங் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார். இருபத்துநாலு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டார்.

அடுத்த அக்டோபரில் பலகை திறந்தார்கள். ஒவ்வொரு பெயராகப் படித்து ஒவ்வொரு மணி அடித்தார்கள். ஆம்ப்ரோஸ் ஏசா என்றதும் அம்மா தலை குனிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஆம்ப்ரோஸ் கீப்பிங் என்றார்கள். அம்மா மறுபடி குனிந்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வெளியே வந்ததும் பாதிரியாரிடம் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லாதடா. ரெண்டு தடவ கூப்பிட்டா ஒரு தடவையாவது அவரு காதுல விழும்" என்றாள்.

அப்பாவுக்கு இடது காது கேட்காது. உனக்குத் தெரிந்திருக்காது.

அம்மா 1970 வரை இருந்தாள். அவள் இருக்கும்வரை சொல்ல முடியாது. போன பிறகு, இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. நீ கூட்டத்தில் கேட்டபோது சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டார்கள்.

ஆனால் அது இரண்டாவது விஷயம். முதல் விஷயம் இதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பாவைத் தீவிலிருந்து ஹாலட்ஸ் கோவுக்குத் துடுப்புப் போட்டுக் கொண்டுவந்து விட்டது நான்தான். மோட்டாருக்கு ஒரு பாகம் வாங்க மேற்கே போனார். துறையில் ஒரு பெண் தன் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள். நீலப் பெயின்ட் அடித்த மரப்பெட்டி, கயிற்றுக் கைப்பிடி. ஊர்ப் பெண் இல்லை. அந்தப் பெட்டியைக் கப்பலில் ஏற்றிக் கொடுத்தது நான். என்னிடம் ஏதோ கேட்டாள்.

பலகையில் அவளாக இருக்கக்கூடிய பெயர் எதுவும் இல்லை. நடுவில் நாலு துறையில் கப்பல் நின்றிருக்கும், எங்கேயாவது இறங்கியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இறங்கியிருந்தால், இருபத்துநாலாவது ஆள் யார்?

1948-இல் மணிக்கயிறு என் கைக்கு வந்தது. இருபத்துமூன்று பேருக்கு அடித்துவிடுவேன். கடைசி மணி யாருக்கு என்று தெரியாது. தெரியாத ஒருவருக்கு எப்படி உடனே அடிப்பது? கொஞ்சம் நின்று, பிறகு அடிப்பேன்.

மேவிஸிடம் கை வலி என்று சொல்ல வேண்டாம்.

ரூபன்

•

ஹாலட்ஸ் கோவ்
8 ஜூலை 1992

அன்புள்ள ரூபன்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே தேவாலயத்துக்குப் போய்ப் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பி வந்தால் அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு கரியாகியிருந்தது.

நான் ஒரு தந்திரம் செய்தேன். பியூலாவின் காகிதத்தில் ஒரு வரியை உனக்கு எழுதாமல் மறைத்தேன். பரீட்சை வைத்தே பழகியவள், வேறெப்படி இருப்பேன்? அந்த வரி இதுதான்: "இனி இங்க வேலைக்கு வரமாட்டேன், நீலப் பெட்டியையும் கொண்டாறேன்."

நீ எழுதியதும் இதுவும் ஒன்றை ஒன்று பார்க்காமல் எழுதப்பட்டவை. ஐம்பது வருட இடைவெளியில், இரண்டு பேர், ஒரே பெட்டி.

வெர்னாவுக்கு டெலிபோன் செய்தேன். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். நீலப் பெட்டி வந்ததும் படிப்பதை நிறுத்தச் சொன்னாள். பிறகு, "அவரு கையால தூக்கினாரா?" என்றாள். ஆமாம் என்றேன். "கனமா இருந்துச்சாமா?" என்றாள். இதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கும். இன்னொரு கேள்வியும் கேட்டாள். அவள் அம்மா உன்னிடம் என்ன கேட்டாள்? 'ஏதோ கேட்டாள்' என்று எழுதியிருக்கிறாய். ரூபன், ஒருத்தியின் பெட்டிக் கைப்பிடி வரை நினைவிருக்கிறவனுக்கு அவள் கேட்டது மறந்திருக்காது.

குழுக் கூட்டம் சனிக்கிழமை நடந்தது. உனக்கு எழுத்துமூலம் எல்லாம் தெரிய வேண்டும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

எஃப்ரயிம்: "நீலப் பெட்டி எங்க வீட்டுல கூடத்தான் ரெண்டு இருக்கு மிஸ்."

நான்: "உங்க வீட்டுப் பெட்டி செவ்வாய்க்கிழமை பெட்ரல்ல ஏறுச்சா?"

எஃப்ரயிம்: "அதில்ல. பியூலா பேரச் சேர்க்கணும்னா இருபத்தஞ்சு ஆயிடும். இல்லன்னா ஒரு பேர எடுக்கணும். செத்தவன் பேர எடுக்கிற வேலைய நான் செய்யமாட்டேன். ரூபன் வந்து சொல்லட்டும், இல்ல கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். அவன் அப்பா, அவன் சொல்லட்டும்."

அவன் பேச்சு நியாயமானது. போன வாரம் அரசாங்கம் காட் மீன் பிடிக்கத் தடை போட்டதிலிருந்து அவன் துறையிலேயே உட்கார்ந்திருக்கிறான். படகு கரையில், வலை கொட்டகையில். இருக்கிற ஒன்றையும் யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதில் இப்போது எல்லாருமே பிடிவாதமாக இருக்கிறார்கள். என்னால் அவனோடு சண்டை போட முடியவில்லை.

ஆகவே நீதான் சொல்ல வேண்டும். இரண்டு பெயரில் எது இருக்க வேண்டும், எது போக வேண்டும்? அவசரப்படுத்தவில்லை. ஆகஸ்ட் கடைசி.

மெக்பிரைட் என்ன ஆனார்கள்?

ஹேசல்

•

கால்ட்
11 ஆகஸ்ட் 1992

ஹேசல்,

இத்துடன் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது. லொரெய்னும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எஃப்ரயிமிடம் கொடு. படகு இல்லாமல் துறையில் உட்கார்ந்திருக்கிறவனிடம் நீ கத்தாமல் இருந்தது நல்லது.

முதலில் மெக்பிரைட். நூலகத்தில் ஒரு பெண் இருக்கிறாள், பழைய பத்திரிகை எல்லாம் வைத்திருக்கிறாள். நான் கேட்டதும், "ஏன் சார், சொந்தமா?" என்றாள். இல்லை, சும்மா தெரிந்துகொள்ள என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள். இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டாள். ஜேம்ஸ், ஜான். சித்தப்பாவும் அண்ணன் மகனும். இரண்டு பேரும் உண்மையான ஆட்கள், ஒரே வருடம் போனவர்கள். ஆக, இங்கே ஒரே பெயரில் இரண்டு பேர், நம் ஊரில் இரண்டு பெயரில் ஒரே ஆள். நீ இங்கே டீச்சராக இருந்திருந்தால் ஒருத்தன் பெயரை அடித்திருப்பாய் என்று எழுதினேனே, அதை வாபஸ் வாங்குகிறேன். நீ முதலில் விசாரித்திருப்பாய்.

இப்போது நீலப் பெட்டிப் பெண் கேட்டது. நினைவில்லை என்று நான் எழுதவில்லை, கவனித்தாயா? எழுதத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

"மஸ்ஸல் ஹார்பர் போய்ச் சேர இருட்டிடுமா?" என்றாள். இருட்டிவிடும் என்றேன். "அப்ப குழந்த தூங்கிடுமே" என்றாள். என்னிடம் இல்லை, தனக்குத்தானே. எனக்குப் பதினாறு வயது, குழந்தை பற்றி என்ன தெரியும்? "எழுப்பினாப் போச்சு" என்றேன். அப்பா சிரித்தார். "தூங்குற புள்ளய எழுப்பிட்டு ராத்திரி பூரா நீதான் ஆட்டணும் பொண்ணே" என்றார். அவளும் சிரித்தாள். "ஆட்டுறேன், அதுக்குத்தானே போறேன்" என்றாள்.

அப்பா அவளிடம், "உள்ள என்ஜின் ரூம் சுவத்தோரமா ஒரு எடம் இருக்கு, கதகதன்னு இருக்கும். நான் எப்பவும் அங்கதான். இன்னிக்கு நீ உக்காந்துக்கோ" என்றார். டார்பிடோ அந்தப் பக்கம்தான் அடித்தது என்று பிழைத்த மாலுமி ஒருவன் பிறகு சொன்னான். அதை வெர்னாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். மற்றதையெல்லாம் அப்படியே சொல்.

அப்பா அவளுக்குத் தன் இடத்தைக் கொடுத்தார். நான் பலகையில் அவள் இடத்தை எடுத்து அப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன். தெரியாமல் செய்தேன். தெரிந்த பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பெட்டி கனமாக இல்லை. ஒரு கையால் தூக்கினேன். உள்ளே ஏதோ மரத்தால் செய்தது இருந்தது, கடகடவென்று உருண்டது. பொம்மையாக இருக்கலாம். இதையும் சொல்.

எந்தப் பெயர் போக வேண்டும்? பத்து நாள் யோசித்தேன். கீப்பிங் என்று பார்த்தால் அது அப்பா என்றே எனக்குத் தோன்றாது. தீவில் யாரிடமாவது ஆம்ப்ரோஸ் கீப்பிங் எங்கே என்று கேட்டால், அப்படி ஒருத்தன் இல்லை என்பார்கள். ஆனால் அப்படிச் சொல்லத் தீவில் இப்போது ஆள் இல்லை. லொரெய்னின் பிள்ளைகள் வந்து தேடினால் கீப்பிங் என்றுதான் தேடுவார்கள். எண்ணிக்கை கலையக் கூடாது என்றால் ஏசா போகட்டும். ஏசாவை எடுத்துவிட்டு பியூலா ரோஸ் என்று போடுங்கள்.

அந்தப் பெயரைச் சொல்ல இனி நான் ஒருத்தன்தான். என் காலத்துக்குப் பிறகு அதுவும் இல்லை. பரவாயில்லை. அம்மா கேட்டால் திட்டுவாள்.

முட்டி இந்த லட்சணத்தில் என்னால் விமானத்தில் வர முடியாது. இப்போது மணி அடிக்கிற சிரில், எண்ணிக்கொண்டே படபடவென்று அடிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனிடம் சொல், ஒவ்வொரு மணியும் முழுதாக அடங்கிய பிறகுதான் அடுத்ததற்குக் கயிறு. கடைசிக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை. இனி அது யாருக்கு என்று தெரியும்.

ரூபன்

•

ஹாலட்ஸ் கோவ்
15 அக்டோபர் 1992

அன்புள்ள ரூபன்,

முந்தாநாள் முடிந்தது. ஐம்பது வருடம் கழித்து அதே தேதி, அதே செவ்வாய்க்கிழமை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கல் துறையைப் பார்த்து நிற்கிறது. சாம்பல் நிறம், மழை பட்டால் கறுத்துவிடுகிறது. ஆங்கில அகர வரிசை. பத்தாவதாக இருந்த உன் அப்பா ஒன்பதாவதாக ஏறிவிட்டார். பியூலா பதினேழு. எஃப்ரயிம் முந்தின நாளே போய் விரல் வைத்து எண்ணிப் பார்த்தான். "இருபத்துநாலு" என்றான், ஏதோ தான் பிடித்த மீன் மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அன்னிக்கு நானும் சிரிச்சேன்ல. அவனுக்கு எழுதும்போது சொல்லிடுங்க மிஸ்" என்றான். சொல்லிவிட்டேன்.

வெர்னா தன் மகளோடு வந்தாள். பியூலா என்ற பெயருக்கு முன்னால் போய் நின்றாள், தொடவில்லை. இரண்டு நாள் முன்னால் உன் கடிதத்தை அவளிடம் முழுதாகவே கொடுத்திருந்தேன், என்ஜின் ரூம் சுவர் உட்பட. மறைத்துப் பரீட்சை வைப்பதை நிறுத்திவிட்டேன். படித்துவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எழுப்பியிருந்தா நான் அழுதிருக்கமாட்டேன்."

மணி விஷயம். இருபத்துமூன்று பேருக்கும் சிரில் அடித்தான். நீ சொன்னபடி ஒவ்வொன்றும் அடங்கும்வரை காத்திருந்தான். அவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பியூலாவை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தோம், அந்தக் கயிறு வெர்னாவுக்கு என்று. அவள் அதுவரை மணிக்கயிறு பிடித்ததில்லை. பெயரைப் படித்தார்கள். அவள் கயிற்றைப் பிடித்தாள், இழுக்கவில்லை. நான் எண்ணவில்லை, ஆனால் நீ நிற்கிற அளவு நின்றாள். அது யாருக்கு என்று தெரிந்தால் நிற்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். தெரிந்தவளும் நின்றாள் ரூபன். அப்புறம் இழுத்தாள்.

ஒன்று விட்டுவிட்டேன். முதலில் சொல்லியிருக்க வேண்டியது.

பெயர்களைப் படித்தது நான். ஒன்பதாவதாக "ஆம்ப்ரோஸ் கீப்பிங்" என்றேன். மணி அடித்தது. அது அடங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. உரக்க இல்லை, வீட்டு வாசலில் நின்று யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. "ஆம்ப்ரோஸ் ஏசா."

திரும்பிப் பார்த்தேன். ட்ரைஃபீனா. ஆஃபர் தீவில் மூன்றாவது வீட்டுக்காரி, எண்பத்தாறு வயது. இப்போது பர்ஜியோவில் மகன் வீட்டில் இருக்கிறாளாம். நான் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை என்று உனக்கு எழுதினேன், அதுவும் தப்பு. அவளை யாரும் அழைக்கவில்லை, மகனை நச்சரித்துக் காரில் வந்திருக்கிறாள். முடிந்ததும் ஓடிப்போய் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ பேரத் தப்பாப் படிச்ச. அதான் சரியாச் சொன்னேன்" என்றாள். அவ்வளவு பேர் முன்னால் என்னைத் திருத்தினாள். சிரித்தார்கள். எனக்கும் அது வேண்டியதுதான்.

ஆகவே அந்தப் பெயரைச் சொல்ல நீ ஒருத்தன் மட்டும் இல்லை. அன்றைக்கும் உன் அப்பாவை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். மணி மட்டும் ஒன்று.

இத்துடன் ஜாம் அனுப்புகிறேன். எஃப்ரயிமிடம் ஜெயித்தது. பாதி நான் சாப்பிட்டுவிட்டேன்.

முட்டி அனுமதித்தால் நாளை காலையில் உன் பூங்காவுக்குப் போ. அந்தக் கல்லின் முன்னால் நில். எண்ணாதே. மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு மூச்சு நிறுத்து.

ஹேசல்